வலிக்காத இடம்

சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பாடம் நடத்தும் அறையில் வெல்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயது மகள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நேற்று அப்பாவிடம் வாங்கிய அடியின் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நர்ஸ் சர்க்கரை பார்க்கும் கருவியை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "எல்லாமே முந்நூறுக்கு மேல. வீட்ல இனிப்பு குடுக்கறீங்களா?"

வெல்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "சர்க்கரை டப்பாவையே தூக்கிப் போட்டாச்சு. இவதான் எங்கேயோ திருடித் திங்கறா. கேட்டா இல்லவே இல்லன்னு சாதிக்கிறா. இல்லன்னா உங்க மருந்து சரியில்ல!"

"மருந்து மேல பழி போடாதீங்க. இன்சுலின் ஊசி போடறது யாரு?"

"நான்தான். இவ அம்மாவைக்கூடத் தொட விடமாட்டேன். ஒரு வேளை தவறினதில்ல."

அது உண்மைதான். இரும்பை உருக்கி ஒட்டும் அந்தக் கை ஊசியை அவ்வளவு பதமாகப் பிடிக்கும். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. பாழாய்ப்போன இந்த நோயில் அவரால் ஆனது அது ஒன்றுதான்.

நர்ஸ் சிறுமியின் சட்டையை லேசாக உயர்த்தி, தொப்புளுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினார். எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் திரண்டிருந்தது.

"தினமும் இங்கேயேவா குத்தறீங்க? இடம் மாத்தி மாத்திப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அங்கதான் அவளுக்கு வலிக்கறதில்ல. மத்த இடத்துல போட்டா துடிச்சுப் போறா. பெத்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை."

"குத்திக் குத்தி அந்த இடமே கட்டியாயிடுச்சு, அதான் வலிக்கல. அதுல போடற மருந்து ரத்தத்துல சரியா சேராது. அப்புறம் சர்க்கரை எப்படி இறங்கும்? உங்க பொண்ணு எதையும் திருடல, சார்."

அவளுக்கு வலிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்தது அவர்தான். அதனால் ஏறிய சர்க்கரைக்கு அவளைத் திருடி என்று அடித்ததும் அவரேதான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து மருந்தின் அளவைக் குறைத்தார். நல்ல இடத்தில் அது வேகமாக வேலை செய்யுமாம். "இப்ப தொடையில, என் கண்ணு முன்னாடி போடுங்க."

"இன்னைக்கு மட்டும் நீங்களே போட்டுடுங்க, சிஸ்டர்."

"நாளைக்கு வீட்டுக்கு நானா வருவேன்?"

வெல்டர் மகளின் முன்னால் மண்டியிட்டார். ஊசியைக் கையில் எடுத்தார். "அப்பா தெரியாம..."

அவள் பாவாடையைத் தானே முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"போடு," என்றாள். "ஆனா எங்கிட்ட பேசாதே."