அரை டின் தண்ணீர்

சுவாமிநாதன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடிக்குழாயைக் குறடால் திருகினார். முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு ஒரே பாய்ச்சலாகவும் தண்ணீர் வெண்கல வட்டிலில் விழுந்தது. வட்டிலை வெளியே இழுத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். செம்மண் நிறம். மேலே பாசித் தூள் மிதந்தது.

வீட்டுக்குள் அவருடைய அண்ணன் கந்தவேலை விசுப்பலகையில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி முத்தாயம்மாளின் அழுகை தேய்ந்து வெறும் முனகலாகிவிட்டிருந்தது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், “பொறந்தவன் பொணத்துக்கிட்ட உக்காராம காருக்கு அடியில கெடக்கறாரு” என்று சொன்னது காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டைப் பையில் மனு இருந்தது. சங்ககிரி சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி, டிரைவர் ஆண்டியின் பேரில் மூன்று சந்தேகங்களை இலக்கமிட்டு எழுதியிருந்தார். மணியக்காரர் வந்ததும் அவர் கையில் கொடுத்து, ஆண்டியைத் தலையாரியோடு ஸ்டேஷனுக்கு அனுப்பிய பிறகுதான் பிணத்தை எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்.

நேற்று நடந்ததை மறுபடியும் வரிசைப்படுத்திப் பார்த்தார். இரண்டு நாளாக அண்ணனுக்கு வயிற்று வலி. திருச்செங்கோட்டு டாக்டர் வயிற்றில் கை வைத்ததுமே, “சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மூணு மணிக்குள்ள ஆபரேஷன் பண்ணுனா பொழச்சுக்குவாரு” என்றார். பதினொன்றரைக்குப் புறப்பட்டார்கள். அண்ணனின் தலை இவர் மடியில். ஆண்டி ஓட்டினான். சித்திரை வெயில். சங்ககிரிக்கு இந்தப் பக்கமே ஒரு தடவை கொதித்து, கூடக் கொண்டு வந்த இரண்டு டின் தண்ணீரும் தீர்ந்தது. சங்ககிரியில் நின்று நிரப்பிக்கொள்ளலாமா என்று ஆண்டி கேட்டான். நேரமில்லை, ஓட்டு என்று இவர்தான் சொன்னார். அதை மனுவில் எழுதவில்லை.

நாலு மைல் தாண்டியதும் பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட்டது. ரோட்டுக்கு வடக்கே இரண்டு பர்லாங்கில் ஓர் ஊர் தெரிந்தது. “ஓடு, தண்ணி கொண்டா” என்றார். ஆண்டி டின்னை எடுத்துக்கொண்டு ஓடியபோது கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. திரும்பி வந்தபோது ஒன்று நாற்பது. அரை டின் சேற்றுத் தண்ணீர். “கெணத்துல தண்ணி இல்லீங்க சாமி” என்றான். அதையும் சட்டென்று ஊற்றவில்லை. சேறு போனால் அடைத்துக்கொள்ளும் என்று கார் துடைக்கும் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கார் கிளம்பி இரண்டு மைல் போவதற்குள் அண்ணனின் கை இவர் கையில் கனத்துவிட்டது.

இரண்டு பர்லாங் தூரத்துக்கு ஐம்பது நிமிஷம், அது முதல் சந்தேகம். கிணறு வற்றிவிட்டது என்ற பேச்சு இரண்டாவது. மூன்றாவது, பங்காளி செல்லமுத்து. அவனோடு நடக்கிற வரப்பு வழக்கில் அண்ணன் சாட்சிக் கூண்டு ஏற வேண்டிய வாய்தா வருகிற வாரம். போன சனிக்கிழமை செல்லமுத்துவின் தோட்டத்தில் ஆண்டி நின்று பேசிக்கொண்டிருந்ததை இவரே கண்ணால் பார்த்தார்.

எழுந்து பானெட்டைத் தூக்கினார். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்து, அதில் கண்டபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். காற்றாடியின் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். அரை அங்குலம்தான் அமுங்கியது. சரி. ரேடியேட்டரின் கண்களில் ஒரு பஞ்சுத் தும்புகூட இல்லை. ஆண்டி வாரம் தவறாமல் சைக்கிள் பம்பால் ஊதுவான். அமாவாசைக்கு அமாவாசை சலவைச் சோடா கரைத்து ஊற்றி உள்ளே கழுவுவான். மேல் ரப்பர் குழாயில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தார். விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. கத்திதானோ என்று வளைத்துப் பார்த்தார். வளைத்த இடமெல்லாம் பித்தவெடிப்பு மாதிரி கீறல் கண்டது. வெயிலில் முற்றிய ரப்பர்.

மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்ததே அவருக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை பக்குவமாக வைத்திருக்கிறவன், நேற்று மட்டும் எப்படிக் கோட்டை விட்டான்?

“இந்தத் தண்ணி எங்கத்ததுங்க மாமா? எருமை உழுந்து பொரண்ட குட்டையில மொண்டாப்பல இருக்குது.”

பக்கத்தில் வந்து நின்றவன் மயில்சாமி. அண்ணி வழியில் தூரத்து உறவு. கல்யாணம், எழவு தவிர வந்து போகாதவன். காலையில்தான் கோடித் துணியோடு வந்திருந்தான்.

“உனக்கு ஊரு எந்தப் பக்கம்?”

“சங்ககிரி தாண்டி நாலு மைலுங்க. ரோட்டுக்கு வடக்கால.”

சுவாமிநாதன் குறடைக் கீழே வைத்தார். “அங்க ஊர்க் கெணத்துல தண்ணி வத்திப்போச்சா?”

“என்னுங்க மாமா, இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க! பஞ்சத்துலயே வத்தாத கெணறுங்க அது. குனிஞ்சா கைக்கு எட்டறாப்பல நிக்குது.”

பொய். வட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆண்டி!” என்று கத்தினார். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆண்டி வெளி வாசலுக்கு அப்பால், ரோட்டோரமாக நின்றிருந்தான். இடுப்பில் துண்டு, வெறும் மேல். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரையிடம் கார் பழகியவன். துரை சீமைக்குப் போனபோது அண்ணன் காரை வாங்க, காரோடு இவனும் வந்தான். வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

“சனிக்கிழமை செல்லமுத்து கூட என்னடா பேச்சு?”

“அவரு ஆயில் எஞ்சின் சூடாவுதுன்னு கேட்டாருங்க. சோடாப் போட்டுக் கழுவச் சொன்னனுங்க.”

“நேத்து கெணத்துல தண்ணி இல்லைன்னியே?”

ஆண்டி தரையைப் பார்த்தான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? அம்பது நிமிசம் எங்கடா போயிருந்தே?”

மயில்சாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

“அட, இவனா! நேத்து காக்கிக் கோட்டு, தொப்பியெல்லாம் போட்டுட்டு வந்தவன் இவந்தானுங்க மாமா. நாங்க அஞ்சாறு பேரு கெணத்து மேட்டுல வேப்பமரத்தடியில உக்காந்திருந்தோம். எவனோ தாலுக்கா ஆபீசு ஆளுன்னு எந்திரிச்சுட்டமுங்க. கயித்துல கைய வெக்கப் போனான். எதுக்கும் இருக்கட்டும்னு பேரு, ஊரு, என்ன ஆளுன்னு கேட்டா, உள்ளதைச் சொல்லிப்போட்டான். ஆளப் பாத்தா கலெக்டராட்டம் இருக்குது!” சிரிக்கப் போனவன், எழவு வீடு என்பது நினைவு வந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

“அப்புறம்?” என்றார் சுவாமிநாதன்.

“அப்புறமென்னுங்க, தள்ளி நில்லுன்னோம். தண்ணிக்கு வர்ற பொம்பளைக ஊத்துவாங்கன்னோம். உச்சி வெயில்ல எவ வருவா? கார்ல ஒரு கவுண்டரு உசுருக்குப் போராடறாருன்னு கும்பிட்டுக் கும்பிட்டுச் சொன்னான். இவனுக சொல்றதை எங்கீங்க நம்பறது? ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, மாடு கழுவற குட்டைப் பக்கமா ஓடுனான்…”

சொல்லிக்கொண்டே வந்தவன் வட்டிலைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் கிடத்தியிருந்த பக்கம் பார்த்தான்.

“நம்ம மாமான்னு தெரியாதுங்களே” என்றான், குரல் இறங்கி.

சுவாமிநாதன் வட்டிலைக் கீழே வைக்கவில்லை. இந்த வீட்டிலும் தினமும் காலையில் காருக்குத் தண்ணீர் பண்ணையாள்தான் சேந்தி ஊற்றுவான். ஆண்டி டின்னை வைத்துவிட்டு நாலு முழம் தள்ளி நிற்பான். மூன்று வருஷமாக அதைத் தாண்டித்தான் இவர் பல் விளக்கப் போகிறார். நேற்று அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில், முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். ஓடு என்று சொன்னபோது எதுவும் தோன்றவில்லை. இவரே இறங்கிப் போயிருந்தால் பத்து நிமிஷம்.

“நேத்தே எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

ஆண்டி முதல் தடவையாக நிமிர்ந்தான். “வந்தப்ப பெரியவருக்கு நெனவு இருந்துச்சுங்க சாமி. காதுல உழுந்திரும்.”

தெருமுனையில் மணியக்காரர் குடையோடு வந்துகொண்டிருந்தார். வந்தவர் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, தணிந்த குரலில், “ஏதோ மனுக் குடுக்கோணும்னு சொல்லியுட்டீங்களாமா?” என்றார்.

மயில்சாமி பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இல்லீங்க” என்றார் சுவாமிநாதன். “காரு சூடாகி நின்னு போச்சு. அவ்வளவுதானுங்க.”

“அதுக்கென்ன பண்றது. மிசினு” என்றார் மணியக்காரர்.

மேளம் வந்துவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வர, முறைக்காரர்கள் புதுக் குடங்களோடு கிணற்றுக்கு நடந்தார்கள். உடன்பிறந்தவர் என்பதால் சுவாமிநாதன் முன்னால். கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். குடத்தை இறக்கினார். அது ஒரு பக்கம் சாய்ந்து, குமிழி விட்டு, நிறைந்து அமிழ்ந்தது. கயிறு விறைத்தது. அவர் இழுக்கவில்லை.

மேளக்காரர்கள் அடியை ஒரு சுற்று கூட்டி அடித்தார்கள். பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“சேந்துங்க மாமா” என்றான் மயில்சாமி, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. “நேரமாவுதுங்க.”