எல்லாருக்கும் பல்வலி

சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய, "அம்மா!" என்று அலறிக்கொண்டு மகள் ஓடி வந்தாள். அடுப்படியில் நின்ற அம்மா சற்றும் அசராமல் கேட்டாள்:

"பதறாதீங்க. எந்த இடத்துல இருந்து பேசுறீங்க? பக்கத்துல என்ன அடையாளம்?"

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தது. பெற்ற பெண்ணிடம் முகவரி கேட்கிற தாயை எங்காவது கண்டதுண்டா? தையல்காரரான கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளோ சிரிக்காமல், மகளை மடியில் இழுத்து முழங்காலைத் துடைத்தாள்.

பதினோரு வருஷமாக ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்கு வேலை. யாரோ கதறுவார்கள், இவள் இடம் கேட்டு வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பாள். அந்த ஆள் பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்று ஒருநாளும் தெரியவராது. குரலே உயர்த்தாததால் அங்கே அவளுக்கு 'நிதானக்கா' என்று பெயர். நிதானமாம், நிதானம்! காது வழியாக உள்ளே போன கதறலெல்லாம் ஆவியாகவா போய்விடும்?

மறுநாளே ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கினாள். செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு.

"நல்லாத்தானே சாப்பிடுறே, தூங்குறே? சும்மா கிடக்குற சங்கை ஏன் ஊதிக் கெடுக்குறே?" என்றார் கணவர்.

"நல்லா இருக்கறப்பவே போறேங்க. வெள்ளம் வந்தப்புறமா அணை கட்டுவாங்க?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சா?"

"அந்த நாலு பேரா வந்து என் போனை எடுக்கப் போறாங்க?"

தையல்காரர் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

ஆலோசகர் மந்திரம் எதுவும் போடவில்லை. "சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். இவள் சொன்னாள். இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்தபோது, மகள் பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொல்லச் சொல்ல, முழுசாக உட்கார்ந்து கேட்க முடிந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஷிப்ட் மேற்பார்வையாளர் பதவி காலியானது. ஆறு வருஷமாக அவள் ஆசைப்பட்ட நாற்காலி. பணிமூப்புப்படி இந்த முறை அது அவளுக்குத்தான் வரவேண்டும். மேலாளர் கூப்பிட்டார். அவர் கையில் அவளுடைய விடுப்புக் கடிதம்: 'அரை நாள், மனநல ஆலோசனை.'

"என்னம்மா இது? உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல சார். வராம இருக்கத்தான் போறேன்."

"இது ஃபைல்ல ஏறினா, புத்தி பேதலிச்சவளைப் போய் மேற்பார்வைக்குப் போட்டான்னு என் தலைதான் உருளும். பேசாம பல்வலின்னு எழுதிக் குடு. எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க? நாளைக்கே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

உண்மைதான். அந்த அலுவலகத்தில் யாருக்கு என்ன வந்தாலும் கடிதத்தில் பல்தான் வலிக்கும். கை நடுங்கினாலும் பல்வலி, கழிவறையில் நின்று அழுதாலும் பல்வலி. அவளே ஐந்தாறு முறை எழுதியிருக்கிறாள்.

பேனாவையும் கடிதத்தையும் வாங்கினாள். ஆறு வருஷ ஆசை சும்மா விடுமா? 'பல்' வரைக்கும் எழுதியும்விட்டாள். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! அந்தப் 'பல்'லை அழுத்தி ஒரே கோடாக அடித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"பல்லுன்னா கௌரவம், மனசுன்னா கேவலமா சார்? பல்லு விழுந்தப்புறமா பல்லு விளக்குறோம்? தினம் காலையில விளக்குறோம்ல?"

"அப்போ நாற்காலி உனக்கு இல்ல, தெரிஞ்சுக்கோ!"

"யாருக்கு வேணா குடுங்க. யார் உட்கார்ந்தாலும் அவங்களுக்கும் ஒரு மனசு இருக்கும். அது ஒடிஞ்சு விழற வரைக்கும் காத்திருக்கறதுதான் சார் பைத்தியக்காரத்தனம். முன்னாடியே போய்ப் பார்த்துக்கறவ தெளிவாத்தான் இருக்கா. மூணு மணிக்கு ஆலோசகர்கிட்ட இருக்கணும், நான் கிளம்புறேன்."