வருகிறேன் என்று சொன்ன நாற்பத்து மூன்று பேர்

லம்துவானிடம் ‘திரும்பி வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போன நாற்பத்து மூன்று ஆண்களும் செப்டம்பர் கடைசி வாரத்தில், மூன்றே நாட்களுக்குள், பட்டாயாவில் எங்கள் சந்துக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே இறந்துபோனவர்கள். முதலில் வந்தவர் நார்வேக்காரர். வீட்டுக் குப்பையைப் போடக் கிளம்பியவர், தன் ஊர்த் தெருமுனையில் திரும்பினார், எங்கள் சந்தில் வந்து நின்றார். காலில் கம்பளிச் செருப்பு, கையில் குப்பைப் பை. மணி காலை பத்தரை, எங்களில் பாதிப் பேர் இன்னும் பல் தேய்த்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் உடோம்தான் பையை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டான். அடுத்து ஒரு ஜெர்மன்காரர் நாய்க்கயிற்றைப் பிடித்தபடி வந்தார். நாய் வரவில்லை, அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. பிறகு பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஒருவர், கழுத்தில் கட்டிய துண்டோடு வந்தார். இறந்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் தபால் பிரித்தவர். தான் இறந்தது அவருக்குத் தெரியும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொருவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு ஆண்கள் எதற்கு வருகிறார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். அதில் மறைக்க ஒன்றுமில்லை, பெருமைப்பட்டுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. விலாய் அக்காவின் பீர் கடையில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள், அவர்களில் மூத்தவள் லம்துவான், வயது முப்பத்தெட்டு. கட்டத்துக்குள் காய்களைப் போட்டு நான்கை ஒரே வரிசையில் சேர்க்கும் விளையாட்டில் அவளை ஜெயித்தவன் கிடையாது. விடுமுறை முடிந்து, பெட்டியும் கையுமாக நிற்கும் ஆண் எவனாக இருந்தாலும் கடைசியில் சொல்வது அந்த ஒரே வாக்கியம்தான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்களும் கோபித்துக்கொள்வதில்லை. வழியில் பார்ப்பவரை ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது மாதிரிதான் அதுவும், யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

லம்துவானுக்கு ஒரு மகள் உண்டு, பெயர் நுன், வயது பன்னிரண்டு. வடகிழக்கே ரோய் எட் மாகாணத்தில், நோங் சிம் என்ற ஊரில், பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். தேன் நிறக் கண்கள். அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தன என்று பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்கள் இல்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போய், மகளுக்கு மூன்று வயதானபோது மறுபடியும் இங்கே கிளம்பி வந்த லம்துவான், ஒன்பது வருஷமாக ஊர்ப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வருகிறேன் என்பாள், கூட்டம் அதிகம் என்பாள். கூட்டமில்லாத மழைக்காலத்தில் ஊர் வாய்க்குப் பயந்து போகமாட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவள் தாரக மந்திரம். அந்தச் செப்டம்பரில் நுன் தொலைபேசியில் சொன்னாள்: “அம்மா, இந்த லீவுக்கு நானே வர்றேன். அப்பா திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போனாருன்னு சொன்னீல்ல? வரவச்சுக் காட்டு. இல்லன்னா இனிமே போன் பண்ணாத. நான் எடுக்க மாட்டேன்.”

எடுக்கமாட்டாள் என்பது லம்துவானுக்குத் தெரியும். பிடிவாதத்தில் மகள் அவளை உரித்து வைத்தவள். அந்தக் குரலும் நின்றுபோனால் தனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்று விலாய் அக்காவிடம் வெளிப்படையாகவே அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, சந்து முனையில் கம்பத்தின் மேல் இருக்கும் நிலத்தைக் காக்கும் பெரியவரின் சின்னக் கோயிலுக்குப் போனாள். நாங்கள் அவரை முனைத் தாத்தா என்போம். கேட்டதை அப்படியே கொடுப்பவர், ஆனால் தானாக எதையும் யூகித்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் அவரிடம் வேண்டும்போது சொந்தப் பெயர், ஊர், வேண்டப்படுகிறவர் பெயர், குடும்பப் பெயர், வீட்டு எண் என்று அஞ்சல் உறையில் எழுதுவதுபோல் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். லம்துவானுக்கு மகளின் தகப்பன் பெயர் யானுஷ் என்பதும், போலந்துக்காரன், கப்பலில் எஞ்சின் பார்த்தவன் என்பதும்தான் தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் பத்தியைக் கொளுத்தி, சிவப்பு சோடாவைத் திறந்து வைத்து, “தாத்தா, திரும்பி வர்றேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனவரு வரணும். வந்தா தொண்ணூத்தொம்பது வாத்து முட்டை அவிச்சு வைக்கிறேன், உங்க முன்னால நானே ஆடுறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எங்கள் சந்தில் பிறந்த குழந்தைகூட அப்படி வேண்டாது.

வந்தவர்கள் முதல் நாள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். தான் ஒருவன்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ஆறு பேர் இருந்தபோது அடிதடி வரை போனது. இருபது பேர் ஆனபோது வெட்கம் வந்துவிட்டது, நாற்பதைத் தாண்டியபோது சகோதரர்கள் மாதிரி கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். சந்தை விட்டு வெளியே போனால் மறுபடியும் சந்துக்குள்ளேயே வந்தார்கள். விலாய் அக்கா யாரையும் சும்மா உட்காரவிடுகிறவள் இல்லை. பத்துப் பேர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஐந்து பேர் மழைத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினார்கள், பப்பாளி சீவ இறந்தவர்கள் இருவரையும் உட்கார வைத்தாள், அவர்களுக்கு விரல் வெட்டுப்படாது. கடை வியாபாரத்தை மூடிவிட்டாள். எல்லாருக்கும் ஆன வயதைப் பார்த்தால் வியாபாரத்துக்கு வந்தவர்கள் மாதிரியும் தெரியவில்லை.

லம்துவான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாற்பத்து மூன்றிலும் யானுஷ் இல்லை. நான்காம் நாள் ஒருவரும் வரவில்லை, ஐந்தாம் நாளும் வரவில்லை. சனிக்கிழமை நுன் வந்து இறங்குகிறாள். வெள்ளிக்கிழமை காலை லம்துவான் கம்பத்தடியில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, சந்தே கேட்கும்படி சண்டை போட்டாள். “என்ன தாத்தா, கண்ணு தெரியலையா உங்களுக்கு? கண்டவனையெல்லாம் கொண்டுவந்து கொட்டிட்டு, கேட்டவனை மட்டும் விட்டுட்டீங்களே!” விலாய் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அடியே, வாயைக் கழுவு. அவரு கணக்குல தப்பு வராது. நீ என்னன்னு கேட்ட?”

“திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போனவருன்னு கேட்டேன்.”

“சரி. அவன் அப்படிச் சொன்னானா?”

லம்துவான் இடுப்பிலிருந்த இன்னொரு கையையும் இறக்கினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவள் காதே கேட்டுப் பழகிவிட்ட ஒன்று, அப்போது அவளுக்குள் சரிந்தது. யானுஷ் தோளில் பையோடு இதே முனையில்தான் நின்றான். அவன் சொன்னது வேறு. “லம்துவான், நான் திரும்பி வர மாட்டேன். சொல்லிட்டே போறேன். எனக்காகக் காத்திருக்காத.” அவள் வயிற்றில் நுன் இருந்தது அவனுக்குத் தெரியாது, அவளுக்குமே அப்போது தெரியாது. எல்லாப் பெண்களுக்கும் ஒரு பொய்யாவது கிடைக்கிறது, எனக்கு அதுகூட இல்லையா என்ற ரோஷத்தில், வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் என்று கடையில் வந்து சொன்னாள். அங்கே ஆரம்பித்தது.

“போகட்டும் விடு” என்றாள் விலாய் அக்கா. “நாப்பத்து மூணு பேர் இருக்கான். ஒருத்தனைக் காட்டி இவருதான் அப்பன்னு சொல்லிடு. புள்ளை மனசு குளிர்ந்துடும்.” இது தெரிந்ததும் பதினோரு பேர் முன்வந்தார்கள். கண் நிறம் ஓரளவு ஒத்துப்போனதால் ஹென்னிங் என்ற டென்மார்க்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். தச்சு ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், சொந்தமாகப் பிள்ளை இல்லை. மறுநாள் காலை தலை சீவி, யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது, அவர் மாற்றிப் போட்டிருந்த பொத்தான்களை உடோம் சரிசெய்தான்.

பெரியம்மா நடத்துநரிடம் சொல்லி ஏற்றிவிட்ட பேருந்தில் நுன் காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கும் தாயும் மகளும் கட்டிக்கொள்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நுன் கும்பிட்டாள், அவ்வளவுதான். சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்பத்து மூன்று பேரையும் நிதானமாகப் பார்த்தாள். ஹென்னிங் எழுந்து நின்றார். நுன் அவர் முகத்தைப் பார்க்காமல் தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அம்மா, இவரா?”

ஆமாம் என்று சொல்லத்தான் லம்துவான் நினைத்திருந்தாள். “இல்லடி. இவரு இல்ல. இவங்கள்ல யாரும் இல்ல. உங்கப்பா வர மாட்டாரு. வர மாட்டேன்னு நேராவே சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்.” மகளின் முன்னால் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நுன் குனிந்து அவளைப் பார்த்தாள்.

“அப்ப அவரு பொய் சொல்லல.”

“சொல்லல.”

“சரி” என்றாள் நுன். அந்தச் சரியில் அவள் அப்பாவின் விவகாரம் முடிந்துவிட்டது என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது. ஹென்னிங்தான் அழுதுகொண்டிருந்தார். முனைத் தாத்தாவின் கோயிலுக்கு முன்னால் போய் நின்று, திரும்பி லம்துவானைப் பார்த்து, “நானும் உண்மையைச் சொல்லிடறேன். நான் வந்திருக்கவே மாட்டேன். இனிமேலும் வர மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டு முனையில் திரும்பினார். உடோம் பின்னாலேயே ஓடிப் பார்த்தபோது ஆள் இல்லை, தன் ஊர்த் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதுதான் வெளியே போகும் வழி எல்லாருக்கும் தெரிந்தது. வரிசை கட்டினார்கள். வர மாட்டேன், மன்னிச்சிடு லம்துவான், வர மாட்டேன். அவள் எழுந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் கைகூப்பி விடைகொடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது, சிலருக்குச் சிரித்துக்கூட அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் முப்பத்தாறு பேர் போய்விட்டார்கள். ஏழு பேருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் இன்றும் எங்கள் சந்தில்தான் இருக்கிறார்கள், இறந்தவர்கள் இருவரும் அந்த ஏழு பேரில் அடக்கம். விலாய் அக்காவின் கடை இப்போது சாப்பாட்டுக் கடை, பப்பாளி சாலட்டுக்கு நல்ல பெயர்.

கேட்டதை ஒரு குறையும் இல்லாமல் கொடுத்துவிட்டார் என்பதால் லம்துவான் அன்று மதியமே தொண்ணூற்றொன்பது முட்டை அவித்து வைத்து, சாரல் மழையில் தாத்தாவுக்கு முன்னால் ஆடி முடித்தாள். நன்றாகவே ஆடினாள். நுன் முட்டை ஓட்டைக் காலால் ஒதுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீயும் சொல்லிடேன். நோங் சிம்முக்கு வர மாட்டேன்னு. நானும் எதிர்பார்க்காம இருந்துக்கறேன்.”

“ஏண்டி இப்படிப் பேசற? வராம இருப்பேனா? இந்தப் புத்தாண்டுக்குக் கண்டிப்பா...”

“இதையேதான் அவங்களும் சொன்னாங்க” என்றாள் நுன்.

லம்துவான் முட்டை அவித்த பானையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள், முகத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை. நுன் கம்பத்தடிக்குப் போய் முட்டி போட்டாள். நாங்கள் எல்லாரும் கேட்டோம். “தாத்தா, என் பேரு நுன். ரோய் எட் மாகாணம், நோங் சிம் ஊரு, ஆறாம் வார்டு, வீட்டு நம்பர் நாப்பத்தேழு. எங்கம்மா பேரு லம்துவான், குடும்பப் பேரு சீகோட், இந்தச் சந்துல வேலை பாக்குறாங்க. ஒம்பது வருஷமா வர்றேன் வர்றேன்னு என்கிட்ட சொல்றாங்க. அவங்க அந்த வீட்டுக்கு வரணும். வந்தா ஒரு வருஷத்துக்கு நான் முட்டையே திங்க மாட்டேன், என் பங்கு உங்களுக்கு.” எங்கள் சந்தில் அவ்வளவு துல்லியமாக வேண்டியவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விலாய் அக்கா மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

லம்துவான் பானைத் தண்ணீரைக் கொட்டச் சாக்கடை ஓரமாகத் திரும்பினாள். திரும்பிய இடத்தில் நோங் சிம்மின் நாற்பத்தேழாம் எண் வீட்டு முற்றம் இருந்தது. அக்காக்காரி கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பானையோடு நிற்பதைப் பார்த்து, “வந்ததுதான் வந்த, தண்ணிய அந்த வாழைக்கு ஊத்து” என்றாள். அன்று சாயங்காலம் அண்டை அயலார் வந்து வேலியோரம் நின்று பார்த்தார்கள், பேசவேண்டியதைப் பேசினார்கள், இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான் ஊர் வாய். வெளியே போகும் வழி லம்துவானுக்கு நன்றாகத் தெரியும், ஒரே ஒரு வாக்கியம், அதை முப்பத்தாறு முறை காதால் கேட்டிருக்கிறாள். முற்றத்தில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கக்கூட அவள் முயலவில்லை.

உடோம் ஏற்றிவிட்ட பேருந்தில் நுன் மறுநாள் காலை வந்து இறங்கினாள். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

“எத்தனை நாளைக்கு?”

லம்துவான் மூங்கில் கூடையைத் திறந்து, ஆவி பறக்கும் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மகள் கையில் வைத்தாள். இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்றுவரை அவள் நுன்னிடம் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. அங்கேதான் இருக்கிறாள்.