இரண்டு மீற்றருக்குள்

1.
இந்தக் கதை எனக்குத் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கையில் மடியில் வெங்காயப் பையோடு இருந்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "எல்லையை முதல் எழுதிப்போட்டுத்தான் கிணத்தைப் பாக்கவேணும். பாத்துப்போட்டு எழுதினா அது எல்லை இல்லை, சாட்டு." நாலந்தாவில் இறங்கிப் போய்விட்டார். எந்த எல்லை, எந்தக் கிணறு என்று கேட்க வாய்க்கவில்லை. மீதி முழுவதும் கற்பனை.

அவர் சொல்லை மதித்து, எழுதத் தொடங்குமுன் நானும் ஓர் எல்லை எழுதி வைத்தேன்: எனக்குப் பிடித்தவர் என்பதற்காக எவரையும் முடிவில் காப்பாற்றக் கூடாது. (நினைவில் வைத்திருங்கள். கீழே எனக்குத் தடுமாறும்.)

2.
முதல் தொடக்கம்: "வானம் பொய்த்த அந்த ஆண்டில், வித்தியா —" வேண்டாம். மழை பெய்த ஆண்டுதான்.

இரண்டாவது: "வித்தியா கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்." இது நிற்கட்டும்.

புள்ளி, சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் நடுவே ஓர் ஊரில் மிளகாய் போடும் பலீல் என்பவருடைய கிணறு. மாவட்டத்தின் நிலத்தடி நீர் எங்கே எந்த மட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு எடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரி (மொடல்) ஒன்றை, அரசாங்க நீர் அலுவலகத்தில் வேலை செய்யும் வித்தியா செய்திருந்தாள். அதை நம்பலாமா என்று பார்க்க, அது சொல்லும் மட்டத்தைக் கிணறுகளில் அளந்த மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். மாதிரியை ஓடவிடும் முன்பே அவள் விதி எழுதினாள். தெரிவு செய்த எந்தக் கிணற்றிலும் வித்தியாசம் இரண்டு மீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாதிரி திருத்தத்துக்குத் திரும்பும். தக்க காரணம் இல்லாமல் எந்தக் கிணற்றையும் நீக்கவும் கூடாது.

மற்றக் கிணறுகள் எல்லாம் எல்லைக்குள் அடங்கின. பலீலின் கிணற்றில் மட்டும் தண்ணீர், கணினி சொன்னதைவிட மூன்றரை மீற்றர் கீழே.

மாதிரி தேறினால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த ஊர் வரைபடத்தில் பச்சையாகும்: தண்ணீர் தாராளம். பச்சையானால், பக்கத்துக் காணியில் வரவிருக்கும் ஹோட்டலுக்கு ஆழமான குழாய்க் கிணறுகள் தோண்ட அனுமதி. கிணறு சொல்வதே சரியென்றால், அந்தக் குழாய்கள் ஓடும் முதல் கோடையில் பலீல் வீட்டு வாளி சேற்றைத்தான் அள்ளும்.

3.
ஆறுமுகநாதன், வித்தியாவின் மேலதிகாரி. முதல் பிரதியில் அவரை ஹோட்டல்காரரின் விருந்துக்கு அனுப்பியிருந்தேன். கையில் கோப்பையோடு அவர் கூசி நின்றார். என்ன எழுதியும் குடிக்க மறுத்தார். வெட்டிவிட்டேன். அவர் வடக்கில் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். திங்கட்கிழமை வெறுங்கையோடு போகவும் முடியாதவர்.

"காரணம் இருந்தா எழுதும், அந்தக் கிணத்தை எடுத்துவிடுவம்," என்றார். "இல்லாட்டி எடுக்கேலாது. விதி உம்மடதானே, பிள்ளை."

அதனால்தான் வெள்ளிக்கிழமை, அலுவலக ஜீப் வழமைபோல் கிணறு அளக்கத் தம்புள்ளைப் பக்கம் புறப்பட்டபோது வித்தியாவும் ஏறினாள். காரணம் எதுவும் கிடைக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். நானும்.

4.
கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பலீல் மிளகாய் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கைறுன்னிஸா கையைத் துடைத்தபடி வந்தார்.

"சத்தத்துக்குக் கோவிச்சிக்காதீங்க மிஸ். அவரு இருந்தா ஜீப்பக் கண்ட ஒடனே மோட்டர நிப்பாட்டிருவாரு. கவுமெண்டு ஆக்கள் வந்து நிக்கிறப்ப சத்தம் போட்டா மரியாத இல்லையாம். எனக்காக அந்த மனிசன் ஒரு நாளாச்சும் ஒண்ட நிப்பாட்டினதில்ல."

வித்தியா சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வெள்ளியும் ஓடுதோ?"

"ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் ஹவுளுத் தொட்டிய நெரப்பணுமே. தொழ முந்தி எல்லாரும் கை கால் கழுவி ஒளு செய்ற தண்ணி இங்கேந்துதான் போகுது. விடியக் காத்தால போட்டுருவோம்."

ஜீப் வருவதும் வெள்ளி, தண்ணீர் இறைபடுவதும் வெள்ளி. ஒரு மனிதரின் மரியாதையால் அந்த மோட்டர் சத்தம் இதுவரை எந்த உத்தியோகத்தர் காதிலும் விழவில்லை. அவர்கள் அளந்துகொண்டு போனது கிணற்றின் மட்டத்தை அல்ல, இறைத்ததுபோக மிஞ்சியதை. நீக்குவதற்கு இதைவிடச் சுத்தமான காரணம் கிடையாது.

அதைத் தன் வாயால் கொடுத்துவிட்டது கைறுன்னிஸாவுக்குத் தெரியாது.

5.
இங்கே பேனையை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) வித்தியா வாய் திறக்கவில்லை. சிவப்புப் புள்ளி நிற்கிறது, ஹோட்டல் தள்ளிப்போகிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆகவே ஆகாது. என்றோ ஒருநாள் வேறொருவர் அந்த மோட்டரைக் கேட்பார். அன்று வித்தியா அளந்த எல்லாக் கிணறும் பொய்யாகும்.

(ஆ) காரணத்தை எழுதுகிறாள். கிணறு நீங்குகிறது, வரைபடம் பச்சை. விதிப்படி சரி. ஆனால் அந்த ஊரில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் என்று எவருமே —

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அதற்குள் வித்தியா கேட்டுவிட்டாள்: "மோட்டரை நிப்பாட்டுவமா, அக்கா?")

6.
எதற்கென்று கைறுன்னிஸா கேட்டார். வித்தியா ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"தண்ணி நல்லா ஏறி வந்தா உங்களுக்கு நட்டம், அக்கா. ஹோட்டலுக்குக் குடுத்துப்போடுவினம்."

"ஏறாட்டி?"

"கணினி பிழை எண்டு நானே எழுதுவன்."

கைறுன்னிஸா பள்ளிப் பக்கம் பார்த்தார். ஹவுள் பாதிதான் நிரம்பியிருக்கும். பிறகு அவரே சுவிட்சைத் தட்டினார். "அவரு கேட்டா, மிஸ்தான் நிப்பாட்டச் சென்னாங்கண்டு செல்லுவேன். பள்ளியில கேட்டா, அவருதாண்டு செல்லுவேன்."

காத்திருந்தார்கள். பாங்கு கேட்டது, ஜும்ஆ முடிந்து வெள்ளைத் தொப்பிகள் வீதியில் கலைந்தன. கிணற்றுக் கல்லில் இருந்த பழைய பாசி வரிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு நீர் ஏறியது. ஒவ்வொரு வரி மறையும்போதும் கைறுன்னிஸா ஏதோ முணுமுணுத்தார். இறைவனிடம் கேட்கும் துஆவா, ஏச்சா என்று வித்தியா கேட்கவில்லை. ஓரிடத்தில் நீர் நின்றது. பிறகு அசையவில்லை.

அளவு நாடாவைக் கிணற்றில் இறக்குமுன் அவள் ஆறுமுகநாதனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எண் தெரிய முந்திச் சொல்லுறன் சேர். வித்தியாசம் ரெண்டுக்குள்ள வந்தா பச்சை. தாண்டினா மாதிரி திரும்பிப் போகுது. பிறகு நான் கதை மாத்தமாட்டன். நீங்களும் மாத்தக் கூடாது."

"அதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறீர்?"

"ஒராள் கேட்டு வைச்சிருக்கவேணும்."

"ஓம்," என்றார். "கேட்டன்."

சோக்குத் தூள் பூசிய நாடா உள்ளே இறங்கி மேலே வந்தது. நனைந்த பகுதி எங்கே முடிகிறதோ அதுதான் எண். வித்தியா அதை வெயிலுக்குப் பிடித்துப் படித்தாள்.

"எவ்வளவு மிஸ்?"

அந்த இடத்தில் நான் ஓர் எண் எழுதினேன். கைறுன்னிஸாவை நினைத்து அதை மாற்றினேன். மாற்றியதை அடித்தேன். என் கையை இனி நம்புவதற்கில்லை.

எண்ணை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன், கைறுன்னிஸாவை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, பிடித்திருந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாயும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்டு வைத்திருக்கிறேன்.