மேயர் இல்லாத தலைநகர்

பாரிஸின் லா சப்பலில் புடவைக்கடை வைத்திருக்கும் கலாவதிக்கு, மகளுக்கு வந்த சம்பந்தத்தில் முதலில் பிடித்துப்போனது மாப்பிள்ளையின் ஊர்தான். பேச்சைக் கொண்டுவந்த தவரத்தினம் அப்படிச் சொல்லியிருந்தார்: "பெடியன் பேர் சேந்தன். தண்ணி இஞ்சினியர். அமெரிக்காவிலை, நெவாடாவிலை ஒரு கவுண்டியின்ர தலைநகரிலை வேலை."

கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி என்று அவர் விளக்கியதும், கலாவதியின் மனதில் யாழ்ப்பாண நகரத்தைவிடப் பெரிய ஊர் ஒன்று எழும்பிவிட்டது. அன்று மாலைக்குள் பக்கத்து நகைக்கடைவரை செய்தி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த சேந்தன், நலம் விசாரித்த கையோடு போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினான். கல்லால் கட்டிய நீதிமன்றம், நேரான ஒரு ரோட்டு, அதற்கப்பால் மரமே இல்லாத மலை.

"இவ்வளவுதான் அன்ரி ஊர். சனம் முந்நூறும் வராது. மேயர் இல்லை, நகரசபை இல்லை. இந்தக் கோர்ட்டும் பதிவுக் கந்தோரும் இருக்கிறதாலைதான் தலைநகர். மற்றதெல்லாம் கவுண்டியே பாக்குது. சாமான் வாங்க ஒரு மணித்தியாலம் கார் ஓடவேணும்."

கலாவதி போனை மகள் கஜந்தினியிடம் தள்ளினாள். "எங்கட பில்டிங்கிலையே அதைவிடச் சனம் இருக்குமடி!"

கஜந்தினிக்குச் சிரிப்பு வந்தது. கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கும் வேலையை நடத்துவது அவள்தான். இதற்கு முன் பார்த்த மாப்பிள்ளைகள் காரையும் வீட்டையும்தான் காட்டியிருந்தார்கள்.

"இதையெல்லாம் ஏன் இப்பவே காட்டுறீங்கள்?" என்று கேட்டாள்.

"வந்த பிறகு நீங்கள் அழக்கூடாது."

"அப்ப நான் வந்து பாக்கிறன். பாத்திட்டுத்தான் பதில்."

தாய் பதறினாள். "கலியாணத்துக்கு முதல் தனியப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"அங்கை கதைக்கிறதுக்குச் சனம் இல்லையே அம்மா."

ஒக்டோபரில் போனாள். அங்கிருந்த ஒரே மோட்டலில் அறை எடுத்து இரண்டு கிழமை தங்கினாள். திரும்பி வந்த நாளில் விமான நிலையத்துக்குக் கலாவதியே போயிருந்தாள். ரயில் புறப்பட்டதும் கேட்டாள்.

"என்னடி, ஊர் எப்பிடி?"

"சின்ன ஊர்தான். முதல்நாள் காலமையே முழுக்க நடந்து முடிச்சிட்டன். மத்தியானத்திலை காத்துச் சத்தம் மட்டும்தான். ஒருநாள் பயந்தும் போனன். ஆனா ஒரு கிழமையிலை பெற்றோல் செட்காரனுக்கும், கோர்ட்டிலை வேலை செய்யிற மனுசிக்கும் என்ர பேர் தெரியும். இஞ்சை எங்கட மேல்மாடியிலை ஆர் இருக்கினம் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"சேந்தன்?"

"சொன்ன மாதிரித்தான் ஆளும். அவருக்கு அங்கை இன்னும் நாலு வருச வேலை. அது முடிய ரெண்டுபேரும் இஞ்சை வாறதெண்டு பேசி முடிவெடுத்திட்டம். அதுவரைக்கும் தையலை என்னோடை தைக்கிற லக்சிகா பாப்பாள்."



"கலியாணம் இஞ்சைதான் நடக்கும்," என்றாள் கலாவதி.

"ஓம் அம்மா. அந்த ஊர் முழுக்க வந்தாலும் கலியாண ஹோலிலை இடம் மிஞ்சும்."

கலாவதி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் மகளின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.