கரை ஏறாத முப்பத்தொரு படகுகள்

கரைக்காட்டி செயலியின் நான்காம் பதிப்பு வெளியான செவ்வாய்க்கிழமை பிற்பகலிலிருந்து திரேஸ்புரத்தின் முப்பத்தொரு நாட்டுப் படகுகளால் கரை ஏற முடியவில்லை. கூப்பிடு தூரம் வரை வந்தன. அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் இடையில் இருந்த தண்ணீர் குறையவில்லை. குதித்து நீந்தியவர்கள் முக்கால் மணி நேரம் நீந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் படகு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. திரும்ப ஏறிக்கொண்டார்கள். செயலியைப் புதுப்பிக்காத சோம்பேறிகள் வழக்கம்போலக் கடலுக்குப் போய்வந்தார்கள். அவர்கள்தான் இட்லியும் குடிதண்ணீரும் கொண்டு கொடுத்தது. மாட்டிக்கொண்ட ஆளை ஏற்றிக்கொண்டால் மட்டும் அவர்கள் படகும் நின்றது. வரத்துக் குறைந்ததால் சீலா மீன் கிலோ தொள்ளாயிரத்தைத் தொட்டது.

செயலியை எழுதியவர்கள் இரண்டே பேர்: கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் விஜிலாவும் சாயர்புரத்து லிங்கராஜும். காற்று, அலை, நீரோட்டம் எல்லாம் காட்டும் அந்தச் செயலிக்கு மூன்று வருடமாக அவர்கள் காலணா வாங்கியதில்லை. புதுப் பதிப்பில் விஜிலா ஒரு பச்சைப் பொத்தானை எடுத்துவிட்டிருந்தாள். ‘கரை வந்தாச்சு’ என்ற அந்தப் பொத்தானை அமுக்கினால் வீட்டுப் போனில் ஒரு மணி அடிக்கும். ஆனால் ஒருவர்கூட அதைக் கரையில் நின்று அமுக்கவில்லை என்று அவள் கண்டுபிடித்தாள். ஐந்து கடல்மைலுக்கு அப்பால், மாதா கோவில் கோபுரம் கண்ணில் பட்டதுமே அமுக்கியிருந்தார்கள். கரை சேர்ந்ததை ஜிபிஎஸ் தானாகக் கண்டுகொள்ளும்போது, பொய் சொல்வதற்கென்று ஒரு பொத்தான் எதற்கு என்பது அவள் கட்சி.

கரைக்கு எதிரே மாட்டிக்கொண்டு நின்ற படகிலிருந்தபடியே மீனவர் ஜேசுபாதம் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, “பச்சைய எங்க கொண்டு ஒளிச்சு வச்சிய?” என்று எழுதினார். விஜிலாவுக்குச் சுருக்கென்றது. ராப்பகலாக உழைத்து ஓசியில் கொடுத்தவளுக்குக் கோபம் வராதா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்றாள். லிங்கராஜ் அதற்கும் மேலே போனான். “கேட்டவன் கேட்டதெல்லாம் வச்சா ஆப்பு மாட்டுச்சந்தை ஆயிரும். முறைப்படி பழுது அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்க” என்றான்.

முப்பத்தொரு அறிக்கைகள் வந்தன. ‘என்ன எதிர்பார்த்தீர்கள்?’ என்ற கட்டத்தில் ‘கரை’ என்றும், ‘என்ன நடந்தது?’ என்ற கட்டத்தில் ‘தண்ணி’ என்றும் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று லிங்கராஜ் முப்பதை மூடிவிட்டான். மூடாமல் விட்ட ஒன்று விஜிலாவின் அண்ணன் வில்பிரட் எழுதியது. அவருடைய கைக்குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

வெள்ளிக்கிழமை அவள் கடற்கரைக்குப் போனாள். அண்ணனின் நான்கு நாள் தாடிகூடத் தெரிந்தது. “பிள்ளை பால் குடிக்காளா?” என்று அவர் அங்கிருந்து கத்திக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே மதினி அமலோற்பவம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்காமலே செவ்வாய்க்கிழமை ஏற்றிய உலை இன்னும் கொதிக்கவில்லை.

“கரைக்கு வராமலே வந்தாச்சுன்னு ஏன் மதினி அமுக்குதாங்க?”

“உங்களுக்குச் சொல்லுததுன்னு நெனச்சியளா? அது எங்களுக்குச் சொல்லுதது. மணி அடிச்சாத்தான் நான் உலை வைப்பேன். அவுக வந்து கால் கழுவுததுக்குள்ள சோறு வடிச்சிருவேன்.”

“போன் போட்டுச் சொல்லலாம்லா?”

“கோபுரத்தக் கண்டதும் எல்லாரும் மாதாவுக்கு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கிட்டுல்லா வருவாக? வாய்க்கு வேலை இருக்கு. விரல்தான் சும்மா இருக்கு.”

விஜிலாவுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்தில் ஒருவரிடமும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுப்படியிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். பொத்தானைத் திரும்ப வைக்க லிங்கராஜ் ஒத்துக்கொண்டான். ஆனால் ‘உலை வை’ என்று பெயரைத் திருத்திவிட்டால் தகவல் சுத்தமாக இருக்கும் என்றான். நான்காம் பதிப்பை எழுதிய விஜிலா என்றால் உடனே திருத்தியிருப்பாள். இவள் ஜேசுபாதத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“ஐயோ தாயி, வீட்டு அடுப்புக்கு உத்தரவு போட நாங்க யாரு? என் பெண்டாட்டி கையில அகப்பை இருக்கு. வந்தாச்சுன்னே போடு” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்தாம் பதிப்பு வெளியானது. முப்பத்தொரு விரல்கள் அமுக்கின. தெருவெல்லாம் மணி அடித்தது. அமலோற்பவத்தின் உலை தளதளவென்று கொதித்தது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மணலில் முட்டி நின்றன. விஜிலா நிம்மதியில் வாய்விட்டு அழுதாள். இது எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கரை வந்தபிறகு அதெல்லாம் எதற்கு? ரொம்பப் பக்கத்திலிருந்து அமுக்கியதால் சோறு வடியுமுன்பே வந்து சேர்ந்துவிட்டோம் என்று மட்டும் ஜேசுபாதம் குறை சொன்னார். அதையும் விஜிலா பதிந்துகொண்டாள்.

சோற்றுக்குக் காத்திருந்த வில்பிரட் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஜிலா பதிப்புக் குறிப்பை எழுதினாள்: ‘கரை ஏற முடியாத பழுது சரிசெய்யப்பட்டது. கேட்காமல் எடுத்தது எங்கள் தப்பு.’