சலவைத்துறைப் பிரிவில் ஒரு மஞ்சள் கோடு

எங்கள் ஊரான கொம்ப்லாக்கில் நடைப்பயணப் பாதைக்கு வழிக்குறி இடுவோர் மூவர். அன்செல்ம் வண்ணம் தீட்டுவார்; சொலான்ஜ் குறை சொல்வாள்; நான் இரண்டையும் எழுதி வைப்பேன். இருபத்தேழு ஆண்டுகள் ஊர்மன்ற அலுவலகத்தில் கடிதங்கள் எழுதியவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

பாதையின் நீளம் பதினான்கு கிலோமீட்டர். ரோக்னேக்ர் சிற்றாலயத்தில் தொடங்கி, பழைய கற்பாலத்தைக் கடந்து, ஆற்றோரம் துணி துவைக்கும் பழைய சலவைத்துறையில் பிரிந்து எங்கள் ஊருக்கு மேலேறி, இடிந்த துறவிமடத்தைச் சுற்றிக்கொண்டு மொல்வியேலில் இறங்கும். வழி நெடுக, கண் மட்டத்தில், பத்து சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள மஞ்சள் கோடுகள். தவறான வழி தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பெருக்கல் குறி. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற அன்செல்ம், அட்டை அச்சை மரத்தில் வைத்து அழுத்தாமல் ஒரு கோடும் போட்டதில்லை.

சனிக்கிழமை மாவட்ட நடைக் கழகத்தின் ஆய்வாளர், மதாம் லெஸ்கூர் என்ற அம்மையார், வருவதாக இருந்தது. வரைபடம் இல்லாமல், தொலைபேசி இல்லாமல், குறிகளை மட்டும் நம்பி அவர் நடப்பார். ஒரு முறை வழி கேட்க நேர்ந்தால் குறித்துக்கொள்வார். இரண்டாம் முறை கேட்க நேர்ந்தால் புதிய கையேட்டில் பாதை இடம்பெறாது. அடுத்த பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சொலான்ஜுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஊரிலுள்ள ஒரே காபிக்கடை அவளுடையது. கையேடு நடையர்களை அனுப்பாவிட்டால் நவம்பர் முதல் தேதி கதவைச் சாத்திவிடுவேன் என்று வசந்தத்தில் ஒரு முறை சொன்னாள். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லாததால், யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆய்வுக்கு முன்பு, பாதை தெரியாத ஒருவரை நடக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். கொம்ப்லாக்கில் பாதை தெரியாதவரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. நெடுநேரம் யோசித்தபின் ஒருவர் எஞ்சினார்: சொலான்ஜின் தங்கை கணவர் எவ்ரார். வடக்கே லீல் நகரத்திலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் தம் வீட்டிலிருந்து காபிக்கடைக்கும், காபிக்கடையிலிருந்து வீட்டுக்கும் தவிர அவர் வேறெங்கும் நடந்ததில்லை. அந்த வழியிலும் ஒரு முறை தடுமாறியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரைச் சிற்றாலய வாசலில் இறக்கிவிட்டோம். பதினொன்றரைக்குக் கடைக்கு வந்திருக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது.

"எங்கய்யா இருக்க?" என்றாள் சொலான்ஜ்.

"கோடு கூட்டிட்டு வந்த எடத்துலதான்." வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். "வாத்துக்கறி ரொம்ப நல்லாருக்கு, சொலான்ஜ். இத ஒன்கிட்ட சொல்லலாமான்னுதான் தெரியல."

"எந்தக் கடை?"

"வாசல்ல சேவல் படம் போட்டிருக்கு. வெள்ளிச் சேவலாம்."

வெள்ளிச் சேவல் மொல்வியேலில் உள்ள உணவகம். ஆற்றோரமாக நேரே நடந்தால் அங்கு போய்ச் சேரலாம். எங்கள் ஊரைப் பார்க்கவே வேண்டியதில்லை.

"சலவைத்துறையில மேல ஏறலியா நீ?"

"ஏறச் சொல்லி யாரு சொன்னா? அங்க கோடே இல்லையே."

சொலான்ஜ் தொலைபேசியை வைத்துவிட்டு அன்செல்மைப் பார்த்தாள். அன்செல்ம் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் நாங்கள் ஒரு கோடும் போட்டதில்லை. பாலம் தாண்டியதும் யாருக்கும் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தவர் மேலே ஏறுவார். தாகம் எடுக்காத ஒருவரை எங்களுக்குத் தெரியாது.

"இன்னைக்கே போட்டுரலாம்," என்றேன்.

"எதுல போடறது?" என்றார் அன்செல்ம்.

கேள்வி நியாயமானது. அந்தப் பிரிவில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், வண்ணம் படக் கூடாது. சலவைத்துறைச் சுவருக்கும் அதே விதி. மீதி இருப்பது ஒரு வால்நட் மரம். மரமும் அது நிற்கும் மண்ணும் கஸ்பாருக்குச் சொந்தம். கம்பம் நட்டாலும் அவருடைய நிலத்தில்தான் நட வேண்டும். கஸ்பாரோ பதினோரு ஆண்டுகளாக அன்செல்முடன் பேசுவதில்லை.

காரணம் ஊரறிந்தது. பாலத்துக்குச் சற்று முன்பு கஸ்பாரின் பண்ணை வாசல் பாதையைப் போலவே தோன்றும். நடையர்கள் அடிக்கடி உள்ளே போய்விடுவார்கள். எனவே அன்செல்ம் வாசல் தூணில் ஒரு பெருக்கல் குறி தீட்டினார். அடுத்த வாரம் கஸ்பாரின் மகளுக்குத் திருமணம். சிற்றாலயத்திலிருந்து விருந்துக்கு நடந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், தூணில் குறியைக் கண்டு, ஒழுங்கானவர்களாதலால், திரும்பிப் போய்விட்டனர். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, நல்ல காலணிகளோடு ஆற்றங்கரைச் சேற்றில் கண்டெடுக்கப்பட்டனர். அந்தக் குறியைக் கஸ்பார் அழிக்கவில்லை. சாட்சியமாக வைத்திருந்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

"நான் மூணு கடிதம் எழுதியாச்சு," என்றார் அன்செல்ம். உண்மைதான், தட்டச்சு செய்தவள் நான். மூன்றாவதில் அடிக்குறிப்பும் இருந்தது.

"அந்தாளு கடிதமா கேட்டாரு? மன்னிப்புதானே கேட்டாரு," என்றாள் சொலான்ஜ்.

"குறி சரியான எடத்துலதான் இருக்கு. மன்னிப்புக் கேட்டா அது தப்புன்னு ஆயிரும்."

"ஆமா, ரொம்பச் சரியான எடம்! மாப்பிள்ளையோட அத்தை ஒத்தச் செருப்போட வந்து கேக்கு வெட்டுனாங்க."

"செருப்பு வேற விஷயம்."

"சரி, வேற விஷயம். சனிக்கிழமை அந்தம்மா நேரா போயி வெள்ளிச் சேவல்ல உக்காந்துட்டா, நான் கதவுல பூட்ட எந்த ஒயரத்துல மாட்டணும்னு நீயே அளந்து சொல்லிரு."

அன்செல்ம் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார். சாட்சிக்கு நானும் உடன் போனேன்.

கஸ்பார் முற்றத்தில் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் வணக்கம் சொன்னார்.

"கூட யாரு வந்திருக்கா? வெளியூரா?"

"கஸ்பார், ஒன்னோட வால்நட் மரத்துல ஒரு கோடு போடணும்," என்றார் அன்செல்ம்.

கஸ்பார் என்னிடமே பேசினார். "வழி தப்பி வந்துட்டாரு போல. தூண்ல குறி இருக்கே, கண்ணுல படலியாமா?"

"பத்து சென்டிமீட்டருக்கு ரெண்டு. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"மரத்துக்கு ஆகாதுங்க. பதினோரு வருஷமா சம்பந்தி வீட்டுல என்னப் பாத்துச் சிரிக்கறாங்களே, அதுக்கு என்ன ஆகும்?"

அன்செல்ம் வாத்துகளைப் பார்த்தார். அவர் ஒரு வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நெற்றி அப்படிச் சுருங்கும்.

"சரியான எடத்துலதான் போட்டேன்," என்றார் கடைசியில். "வாரம்தான் தப்பு."

கஸ்பார் தீனி வாளியைக் கீழே வைத்தார். முதன்முறையாக அன்செல்மின் முகத்தைப் பார்த்தார். "என்னது? இன்னொரு தடவ சொல்லு."

"வாரம் தப்பு."

"கொஞ்சம் சத்தமா சொல்லேன். வாத்துங்க கத்துது."

"தப்பான வாரத்துல போட்டேன்! எழுதித் தரட்டுமா?"

"ஐயோ, வேணாம் சாமி. வீட்டுல ஏற்கெனவே மூணு கெடக்கு." கொட்டகைக்குள் போய்க் கம்பித் தூரிகை ஒன்றை எடுத்து வந்தார். "மொதல்ல தூண்ல இருக்கறத நீயே சொரண்டு. அப்புறம் மரத்தப் பத்திப் பேசலாம்."

சுரண்ட நாற்பது நிமிடங்கள் ஆயின. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய வண்ணம் அவ்வளவு தரமானது. முழங்கை வலித்தபோதும் அன்செல்ம் அதில் சற்றுப் பெருமை கொண்டதாகவே எனக்குப் பட்டது. பிறகு மூவரும் சலவைத்துறைக்குப் போனோம். அன்செல்ம் அட்டை அச்சை மரத்தில் பொருத்தியதும் கஸ்பார் தலையை அசைத்தார்.

"அங்க போடாத. ரெண்டு மாசத்துல படர்கொடி ஏறி மூடிரும். ஒரு சாண் மேல."

"கண் மட்டம்னு விதி இருக்கு."

"யாரு கண்ணு? ஒன் கண்ணா? நடக்கறவங்கள்லாம் ஒன்ன மாதிரி குட்டையாவா இருப்பாங்க?"

கோடு ஒரு சாண் மேலே ஏறியது.

சனிக்கிழமை நாங்கள் கடையில் காத்திருந்தோம்; ஆய்வாளருடன் நடக்க எங்களுக்கு அனுமதி இல்லை. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு அடித்தது. சொலான்ஜ் ஒரே மேசையை மூன்றாவது முறையாகத் துடைத்தாள்.

"வெள்ளிச் சேவல்ல சனிக்கிழமைன்னா முயல் கறி," என்றார் எவ்ரார். "வியாழக்கிழமையே பலகையில எழுதிப் போட்டிருந்தாங்க."

"எவ்ரார், வாய மூடிக்கிட்டு காபியக் குடி."

பன்னிரண்டே காலுக்கு, சரிவின் வளைவில் ஒரு நீலத் தொப்பி தெரிந்தது. காலணிகளில் புழுதியும் கையில் குறிப்பேடுமாக ஓர் அம்மையார் ஏறி வந்தார். அவருக்கு ஐம்பது அடி பின்னால், வேலியில் ஏதோ தேடுபவரைப் போல, கஸ்பார் வந்தார்.

"நீ எதுக்கு வந்த?" என்று அவரை ஓரமாக இழுத்துக் கேட்டாள் சொலான்ஜ்.

"என் மரத்தப் பாத்துத் திரும்பறாங்களா இல்லையான்னு நான் பாக்க வேணாமா?"

மதாம் லெஸ்கூர் வாசல் மேசையில் அமர்ந்து சூப்பும் பாலாடைக்கட்டியும் கேட்டார். பாதி சாப்பிட்டபின் குறிப்பேட்டைத் திறந்தார்.

"சலவைத்துறைப் பிரிவுல குறி ரொம்பத் தெளிவு. பெயின்ட் இன்னும் பளபளன்னு இருக்கு." அன்செல்ம் விளக்கம் சொல்ல வாயெடுத்தார், சொலான்ஜ் அவர் காலை மிதித்தாள். "ஆனா ஒரு எடத்துல வழி கேக்கற மாதிரி ஆயிருச்சு. பாலத்துக்கு முன்னால ஒரு பண்ணை வாசல். பாதைதான்னு நெனச்சு உள்ள போயிட்டேன். ஒரே வாத்துங்க."

அம்மையார் குறிப்பேட்டில் ஒரு தாளைப் புரட்டினார்.

"அந்தத் தூண்ல ஒரு பெருக்கல் குறி இருந்திருக்கணும். சொரண்டின தடம்கூட இருக்கு. யாரு அழிச்சது?"

"மழை, மதாம்," என்றார் கஸ்பார்.

"மழையா?"

"இந்தப் பக்கத்து மழை கொஞ்சம் கடுசுங்க."

அம்மையார் கஸ்பாரைப் பார்த்தார். அன்செல்மின் மேலங்கி முழங்கையில் இன்னும் ஒட்டியிருந்த மஞ்சள் தூளையும் பார்த்தார். "மழை நின்னதும் திரும்பப் போட்டுருங்க," என்றார்.

அன்செல்ம் கஸ்பாரின் பக்கம் திரும்பவில்லை. கஸ்பார் தொண்டையைச் செருமினார். "போடட்டும். எனக்கு இன்னொரு மக கெடையாது."

"ஒரு தடவதான் கேட்டேன். அதனால பாதை கையேட்டுல வரும்," என்றார் மதாம் லெஸ்கூர். எவ்ரார் கை தட்டினார். அவர் மட்டுமே தட்டியதால் நிறுத்திக்கொண்டார். "இன்னும் ஒரு தகவல் வேணும். நடக்கறவங்க எங்க சாப்பிடலாம், அந்த எடம் எப்பெப்போ திறந்திருக்கும்னு போடணும். பதிப்பு அஞ்சு வருஷம் இருக்கும். அதனால நிச்சயமாத் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."

சொலான்ஜ் துடைக்கும் துணியுடன் நின்றாள். நடையர்கள் வர வேண்டும் என்று அவள் வசந்தத்திலிருந்தே காத்திருந்தாள். அவர்களுக்காக அவள் இருப்பாளா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அறுபத்தொரு வயது. இடது முட்டி மழைக்காலத்தில் மடங்காது. அக்டோபருக்குப் பிறகு தங்கை வீட்டு மாடியறையில் தங்கிக்கொள்ளலாம் என்று பேச்சும் இருந்தது.

"வெள்ளிச் சேவல் ஞாயித்துக்கிழமை லீவு," என்று எவ்ரார் உதவ முன்வந்தார்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

"எழுதுங்க," என்றாள் சொலான்ஜ். "வருஷம் பூரா. திங்கக்கிழமை மட்டும் லீவு."

"ஜனவரியிலயுமா?"

"ஜனவரியில யாரு நடப்பா?" என்றார் கஸ்பார்.

"எவனாவது ஒருத்தன் ஒன் வீட்டு முற்றத்துல இருந்து தப்பிச்சு வருவான். அவனுக்குச் சூப் யாரு குடுப்பா, ஒன் வாத்துங்களா?"

மதாம் லெஸ்கூர் எழுதினார். சொலான்ஜ் அவருடைய தோளுக்கு மேலாகக் குனிந்து, மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், சூப்புக்கு இன்னும் இரண்டு உருளைக்கிழங்குகளை நறுக்கினாள். கஸ்பார் நாற்காலியை அன்செல்மின் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுவிட்டார். இப்போதைக்குக் கிளம்புபவராகத் தெரியவில்லை.